முன் நிகழ்ந்தது யாது?
நினைவக ஒழுங்கும் தரவுப் போட்டி காணும் கருவிகளும்

2004ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 26ஆம் நாட் காலை, சுமாத்திராத் தீவின் அருகே கடலடியில் எழுந்த பெரு நிலநடுக்கத்தினாற் கிளர்ந்த ஆழிப்பேரலை இலங்கையின் கீழ்க் கரையை முதலில் அடைந்தது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலாய ஊர்கள் ஒன்றையொன்று அடுத்து அமைந்த அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வலை தீவை வளைந்து சென்று, தென்மேற்குக் கரையிலுள்ள பெரலியவிற் பயணிகள் நிறைந்த புகையிரதத்தைக் கவிழ்த்தது அதன் பின்னரேயாகும். கடிகாரத்தின்படி கல்முனையில் நிகழ்ந்தது முன். பெரலியவில் நிகழ்ந்தது பின். ஆயினும் கீழ்க் கரையின் அழிவு மேற்குக் கரையார்க்கு உரிய காலத்திற் சென்று சேர்ந்திலது. அவர்களைப் பொறுத்தவரை, முன் நிகழ்ந்தது நிகழாததற்கு ஒப்பாயிற்று.

காலத்தால் முற்பட்டிருத்தல் வேறு; முற்பட்டதென மற்றவர்க்குப் புலப்பட்டிருத்தல் வேறு. துயரத்தின் வாயிலாக அக்கரையோர மக்கள் உணர்ந்த இவ்வேறுபாட்டைக் கணினி அறிஞர் 1978ஆம் ஆண்டிலேயே ஒரு கோட்பாடாக வகுத்திருந்தனர். கணினியின் உள்ளே, விரற்கடை அளவினதாகிய சில்லொன்றிலும், ஓரிடத்து நிகழ்ச்சி மற்றோரிடத்துக்குத் தானாகப் புலப்படுவதில்லை. புலப்படுத்துதற்கு உரிய அடையாளங்கள் எவை, அவ்வடையாளங்கள் பிழைத்தவிடத்துக் கண்டுபிடிக்கும் கருவி எங்ஙனம் அமைந்தது என்பவற்றை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இழைகளும் போட்டியும்

மருதமுனையின் கைத்தறி நெசவு இக்கரையெங்கும் புகழ் பெற்றது. பாவும் ஊடையுமாகிய பல இழைகள் ஒன்றுகூடியே துணி உருவாகின்றது. கணினி நூலாரும், ஒரே செய்நிரலினுள் ஒருங்கே நடைபெறும் தனித்தனிச் செயலொழுக்குகளை இழைகள் என்றே வழங்குவர். இவ்விழைகள் யாவும் ஒரே நினைவகத்தைப் பொதுவாகக் கொண்டுள்ளன. வேகத்துக்குக் காரணமும் அதுவே. இடருக்குக் காரணமும் அதுவே.

நினைவகத்தில் ஓரிடத்தில் 10 என்னும் எண் உள்ளதெனக் கொள்க. இரண்டு இழைகள் அதனுடன் ஒவ்வொன்று கூட்ட விழைகின்றன. இரண்டும் ஒரே வேளையில் 10ஐப் படித்து, இரண்டும் 11 என எழுதிவிடின், வரவேண்டிய 12 வாராது. ஒரு கூட்டல் சுவடின்றி மறைந்துவிடும். இங்ஙனம் இரண்டு இழைகள் ஒரே இடத்தை அணுக, அவற்றுள் ஒன்றாயினும் எழுதுவதாக, அவற்றிடையே முன்பின் ஒழுங்கு யாதும் நிலைநாட்டப்படாதிருப்பது தரவுப் போட்டி எனப்படும்.

இது ஏட்டளவான இடரன்று. தெராக் 25 என்னும் கதிர்ச் சிகிச்சைப் பொறி, 1985 முதல் 1987 வரையில், வட அமெரிக்காவில் ஆறு நோயாளர்க்கு அளவிறந்த கதிர்வீச்சைச் செலுத்தியது. அவர்களுட் சிலர் உயிரிழந்தனர். ஒருங்கே நடைபெற்ற செயலொழுக்குகளிடையே ஒழுங்கு பேணப்படாமை அதற்குரிய காரணங்களுள் ஒன்றென ஆராய்ச்சியிற் புலனாயிற்று. இயக்குபவரின் பழகிய கைகள் விரைந்து திருத்தம் செய்தபோது பிழை வெளிப்பட்டது. மெல்லச் செய்தவிடத்து அது மறைந்திருந்தது. மீண்டும், 2003ஆம் ஆண்டு ஓகஸ்ட் 14ஆம் நாள் ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவிலும் ஏறக்குறைய ஐந்து கோடி மக்கள் மின்னொளி இழந்தனர். ஒஹாயோ மாநிலத்துக் கட்டுப்பாட்டு நிலையமொன்றில், அபாய அறிவிப்பை எழுப்பவேண்டிய செய்நிரல் இத்தகைய போட்டியொன்றினாற் சிக்கி, யாரும் அறியாவண்ணம் ஓய்ந்துபோனமையும் அதற்கு ஒரு காரணமாயிற்று.

ஒழுங்கு பற்றிய கருத்தின் தோற்றம்

ஒரு வேளையில் ஓரிழையே பொதுவிடத்துட் புகவேண்டும் என்னும் சிக்கலை 1965ஆம் ஆண்டில் ஒல்லாந்து அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா தெளிவாக எடுத்துரைத்துத் தீர்வும் கூறினார். இரண்டு செயலொழுக்குகளுக்கான தீர்வொன்றை அவர்தம் நாட்டவரான டெக்கர் அதற்கு முன்னரே கண்டிருந்தார். இத்தீர்வுகள் யாவும், எழுதியது எழுதிய வரிசையிலேயே எல்லார்க்கும் புலப்படும் என்னும் நம்பிக்கையை அடிப்படையாகக் கொண்டவை.

அந்நம்பிக்கையை ஆராய்ந்தவர் லெஸ்லி லாம்போட் என்னும் அமெரிக்கர். 1978ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது கட்டுரை, தொலைவிலுள்ள இரு நிகழ்ச்சிகளுள் எது முற்பட்டது என்பதைக் கடிகாரம் கொண்டு தீர்மானித்தல் தகாது எனக் காட்டியது. ஓரிழையினுள் அடுத்தடுத்து நிகழ்வன முன்பின்னாகும். ஓரிழை அனுப்பிய செய்தியை மற்றோரிழை பெறின், அனுப்புதல் முன், பெறுதல் பின் ஆகும். இவ்விரண்டையும் சங்கிலியாகத் தொடுத்துப் பெறுவதே முன்னிகழ்வு உறவு. இத்தொடரால் இணைக்கப்படாத நிகழ்ச்சிகளிடையே முன்னென்பதும் இல்லை, பின்னென்பதும் இல்லை. செய்தி செல்லாவிடத்து வரிசை கிடையாது என்பதே இதன் சாரம்.

அடுத்த ஆண்டு, 1979இல், அவரே பல செயலிகளையுடைய கணினி காக்கவேண்டிய நெறி யாது என வரையறுத்தார். எல்லாச் செயல்களும் ஒரே வரிசையில் நிகழ்ந்தாற் போன்ற விளைவைத் தரவேண்டும். அவ்வரிசையில் ஒவ்வோரிழையின் செயல்களும் செய்நிரல் கூறிய முறையிலேயே அமையவேண்டும். ஒருவரிசை ஒழுங்கு எனத்தகும் இந்நெறி எளியது, மனத்துக்கு இயைந்தது. ஆனால், விரைவை நாடிய பொறியாளர் அதனை முற்றாகக் காக்கவில்லை. செயலியானது எழுதவேண்டியதை உடனே நினைவகத்துக்கு அனுப்பாது, தன்னருகேயுள்ள இடைத்தேக்கத்தில் இட்டு, அடுத்த வேலைக்குச் சென்றுவிடும். தொகுப்பியோ கட்டளைகளை இடம் மாற்றி அடுக்கும். ஓரிழை தனித்து இயங்குமாயின் இவற்றாற் கேடில்லை. பல இழைகள் இயங்கின் கேடுண்டு.

நெசவிலிருந்து ஓர் உவமை கொள்ளலாம். பாவு ஆயத்தம் செய்பவர் தமது வேலையை முடித்து, 'ஆயத்தம்' என ஒரு பலகையைத் தொங்கவிடுகின்றார். தறியில் நெய்பவர் பலகையைக் கண்டதும் பாவை எடுத்துப் பூட்டுகின்றார். மனிதர் நடுவே இதிற் பிழை நேராது. கணினியிலோ பாவை எழுதிய செயல் பின்தங்கிப் பலகையை எழுதிய செயல் முந்திப் புலப்படலாம். அப்போது நெய்பவர் பலகையைக் காண்பார், பாவைக் காணார்.

மொழிகள் செய்த உடன்பாடு

இச்சிக்கலுக்கு வழி கண்டோருள் இந்தியாவிற் கல்வி தொடங்கிய பெண் அறிஞர் ஒருவர் முதன்மையானவர். சரிதா அட்வே 1987ஆம் ஆண்டில் பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பட்டம் பெற்று, அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மேற்கொண்டார். 1990இல் அவரும் மார்க் ஹில் என்பவரும் கூறிய கருத்தை ஓர் உடன்பாடு எனலாம். செய்நிரல் எழுதுவோர் தரவுப் போட்டி நேராதவாறு அடையாளங்களைச் செவ்வனே இடுவாராயின், கணினி அவர்க்கு ஒருவரிசை ஒழுங்கினையே காட்டும். இடாராயின், அவ்வுறுதி இல்லை. அதே ஆண்டில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தார், விடுப்பு, ஏற்பு என்னும் இருவகை அடையாளங்களை வேறுபடுத்தும் நெறியை வெளியிட்டனர். தான் செய்தவற்றையெல்லாம் வெளிப்படுத்திவிடுவது விடுப்பு. பிறர் வெளிப்படுத்தியவற்றையெல்லாம் பெற்றுக்கொள்வது ஏற்பு.

இக்கருத்துகள் மொழிகளின் இலக்கணத்துட் புகப் பல ஆண்டுகள் சென்றன. ஜாவா மொழியின் முதல் நெறி குறைபாடுடையதென வில்லியம் பியூ 1999ஆம் ஆண்டளவிற் காட்ட, திருத்திய நெறி 2004இல் வெளிவந்த ஜாவா ஐந்தாம் பதிப்பில் இடம்பெற்றது. அதன் ஆசிரியருள் அட்வேயும் ஒருவர். சி பிளஸ் பிளஸ் மொழிக்கான அடிப்படையை ஹான்ஸ் போம் என்பவரும் அட்வேயும் 2008இல் வகுத்தளித்தனர். 2011ஆம் ஆண்டின் தரநூல் அதனை ஏற்றது.

அத்தரநூல், பிளவுபடாது ஒரே வீச்சில் நிகழும் செயல்களை அற்றோமிக் செயல்கள் என்றது. அணு பிளவுபடாதது என்ற பழங்கருத்தின் வழிவந்த பெயர் அது. தமிழிற் பகாச் செயல் எனலாம். பகாச் செயல்கள் இரண்டு ஒன்றோடொன்று மோதினும் அது தரவுப் போட்டி ஆகாது. ஆனால், பகாச் செயலுக்கும் தரங்கள் உண்டு. மிகத் தாழ்ந்தது தளர் ஒழுங்கு: அது தன் ஓரிடத்தை மட்டும் பிழையின்றிக் காக்கும், பிறவற்றைப் பற்றி எச்செய்தியையும் சுமவாது. அதன் மேல் விடுப்பு, ஏற்பு, இரண்டும் இணைந்த விடுப்பேற்பு ஆகியன. மிக உயர்ந்தது ஒருவரிசை ஒழுங்கு. சார்பொழுங்கு என ஆறாவதொன்றும் இருந்தது. அதனைத் திறம்படச் செயற்படுத்துதல் அரிதாகவே, தொகுப்பிகள் அதனை ஏற்பாகவே கொண்டன. உவமையின்படி, ஆயத்தப் பலகையைத் தளர் ஒழுங்கில் தொங்கவிடின் பலகை மாத்திரமே தெரியும். விடுப்பாகத் தொங்கவிட்டு ஏற்பாகப் பார்த்தால், பாவும் உடன் தெரியும்.

காவற்கருவிகளின் வளர்ச்சி

உடன்பாடு மீறப்பட்டதா என்பதை மனிதர் கண்ணாற் காண்டல் அரிது. பிழை பல்லாயிரம் முறையில் ஒரு முறையே வெளிப்படும், தேடுங்கால் மறையும். ஆதலின் தேடுதற்குக் கருவி வேண்டப்பட்டது. 1997இல் ஸ்டெபன் சாவேஜும் உடனாய்வாளரும் ஆக்கிய 'இரேசர்' என்னும் கருவி, பொதுவிடம் ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு பூட்டினால் எப்போதும் காக்கப்படுகின்றதா என நோக்கியது. பூட்டின்றிப் பகாச் செயலால் ஒழுங்கு செய்தவிடத்தும் அது குற்றங்கூறியது. வீண் அபாய அறிவிப்பு மிகுந்தது.

இதனிலும் நுண்ணிய வழி லாம்போட்டின் கோட்பாட்டிலிருந்து கிளைத்தது. 1988ஆம் ஆண்டளவில் அவுஸ்திரேலியரான கொலின் ஃபிட்ஜும் ஜெர்மானியரான ஃபிரீடமன் மாட்டர்னும் தனித்தனியே திசையன் கடிகாரத்தைக் கண்டனர். இம்முறையில் ஒவ்வோரிழையும் தன் காலத்தை மட்டுமன்றி, மற்ற இழைகளின் காலத்தில் எதுவரை தான் அறிந்துள்ளது என்பதையும் எண்களாக வைத்திருக்கும். 2009ஆம் ஆண்டில் ஃபிளனகன், ஃபிரொய்ண்ட் என்னும் இருவர், பெரும்பாலான இடங்களில் முழுத் திசையனும் வேண்டியதில்லை, இறுதியாக எழுதிய இழையின் ஒரே எண் போதும் எனக் காட்டி, இம்முறையை விரைவாக்கினர். அதே ஆண்டிற் கூகிள் நிறுவனத்தைச் சேர்ந்த செரெப்ரியானி, இஸ்கோஜானொவ் ஆகியோர் 'திரெட் சானிடைசர்' என்னும் கருவியை வெளிப்படுத்தினர். சில ஆண்டுகளில் அது தொகுப்பிகளுடனேயே இணைந்து, பரவலாக வழங்கலாயிற்று. அதனுடன் இயங்கும் செய்நிரல் ஐந்து முதற் பதினைந்து மடங்கு மெதுவாகும். நினைவகமும் ஐந்து முதற் பத்து மடங்கு வேண்டும். இவ்விலையைக் கொடுத்தும் அறிஞர் அதனை விரும்பினர்.

இக்கருவி பகாச் செயலின் தரங்களைக் கையாளும் முறை அறியத்தக்கது. பாவு செய்யும் இழையின் கடிகாரம் (4, 0) எனவும், நெய்யும் இழையின் கடிகாரம் (0, 3) எனவும் கொள்க. முதலாம் இழை தன் நாலாம் காலத்திற் பாவை எழுதியது. அச்செய்தி பாவின் அருகே குறிக்கப்படும். பின் பலகையை விடுப்பாக எழுதுகின்றது. அப்போது கருவி (4, 0) என்னும் கடிகாரத்தைப் பலகையிற் பதிந்துவைக்கும். நெய்யும் இழை பலகையை ஏற்பாகப் படிக்கும்போது, இரண்டு கடிகாரங்களிலும் பெரிய எண்களைத் தெரிந்து தன்னதை (4, 3) என ஆக்கிக்கொள்ளும். இனி அது பாவைத் தொடுமாயின், பாவு எழுதப்பட்ட காலம் நாலு, நெய்பவர் அறிந்ததும் நாலு, குற்றமில்லை. பலகை தளர் ஒழுங்கில் எழுதப்பட்டிருப்பின், அதிற் கடிகாரம் பதியப்படாது. நெய்பவர் அறிவு சுழியாகவே நிற்கும். சுழி நாலினும் குறைந்தது. ஆகவே கருவி போட்டி என அறிவிக்கும். அன்று அவ்வோட்டத்தில் துணி சரியாகவே நெய்யப்பட்டிருப்பினும் அறிவிப்பு அறிவிப்பே. குறிப்பிட்ட ஒரு பொறி அன்று செய்ததையன்று, மொழி அளித்த உறுதியையே கருவி அளவுகோலாகக் கொள்ளும்.

இங்கே கருவி செய்வோர்க்கு இரண்டு வழுக்கிடங்கள் உள. தளர்ந்த அடையாளத்தையும் வலியதாகக் கொண்டு கடிகாரத்தைப் பதிந்தால், இல்லாத செய்தி சென்றதாகக் கருவி நம்பும். உண்மையான பிழை நேரினும் வாய் திறவாது. மாறாக, செய்தி செல்லும் வழியொன்றைக் கருவி அறியாதிருப்பின், பிழையில்லாவிடத்தும் கூக்குரலிடும். முன்னது மௌனக் குற்றம். பின்னது வீணொலிக் குற்றம்.

வீணொலிக்கு ஓர் எடுத்துக்காட்டு, பொருளொன்றைப் பயன்படுத்துவோர் தொகையைக் குறிக்கும் எண்ணி. ஒவ்வோரிழையும் தன் வேலை முடிந்ததும் விடுப்புடன் எண்ணியில் ஒன்றைக் குறைக்கும். எண்ணியைச் சுழியாக்கும் கடைசி இழை பொருளை அழித்துவிடும். அழிக்குமுன் மற்றை இழைகள் யாவும் செய்தவற்றை அது பெற்றிருத்தல் இன்றியமையாதது. ஆதலின், எண்ணியைப் படித்து மாற்றி எழுதும் ஒவ்வொரு செயலிலும், கருவி முந்தைய கடிகாரத்தை அழிக்காது புதியதை அதனுடன் சேர்த்து வைத்தல் வேண்டும். இனி, கடைசி இழைக்கு மாத்திரமே ஏற்பு வேண்டுமாகையால், செய்நிரல் வல்லார் குறைத்தல்தோறும் ஏற்பினை இடாது, இறுதியில் தடைவேலி என்னும் தனிக்கட்டளை ஒன்றை இட்டு நேரத்தை மிச்சம் பிடிப்பர். தடைவேலி எவ்விடத்தையும் பெயர் குறித்துச் சுட்டுவதன்று. ஆகவே இடந்தோறும் கடிகாரம் வைக்கும் இக்கருவிக்கு அது புலப்படவில்லை. 2021இல் வெளிவந்த ஜிசிசி பதினோராம் பதிப்பு, இக்கருவியுடன் தடைவேலியைப் பயன்படுத்துவோரை எச்சரிக்கலாயிற்று. ரஸ்ட் மொழியின் நூலகமோ, கருவியின் கீழ் இயங்கும்போது மாத்திரம் தடைவேலியை நீக்கி, எண்ணியை ஏற்புடன் படிக்கும் செயலை அதனிடத்தில் வைத்தது.

மௌனக் குற்றத்தை ஆராய்ந்தோருள் இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் லிட்பரி, டொனல்ட்சன் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர். கருவியின் கீழ் இயங்கும் செய்நிரல் எப்போதும் அண்மையில் எழுதப்பட்ட மதிப்பையே படிக்கின்றது; மொழியோ பழைய மதிப்பைப் படித்தலையும் ஒப்புகின்றது. பழையதைப் படித்தாலன்றி வெளிப்படாத பிழைகள் அதனால் மறைந்தே கிடக்கும். 2017இல் அவர்கள் வெளியிட்ட விரிவான கருவி, எழுதியவற்றின் வரலாற்றைப் பேணி, வேண்டுமென்றே பழைய மதிப்பையும் படிக்கக் கொடுத்தது.

இயங்குதளத்தின் கருவறையிற் போட்டி காண்பதற்கு வேறொரு முறை எழுந்தது. 2010இல் மைக்ரோசொஃப்ட் நிறுவனத்து மதன்லால் முசுவதி முதலியோர், ஓரிழையைச் சிறிது நிறுத்தி, அவ்வேளையில் வேறோரிழை அவ்விடத்தைத் தொடுகின்றதா எனப் பொறிவைத்து நோக்கினர். இக்கருத்தினின்று வளர்ந்த கேசிசான் என்னும் கருவி 2020இல் லினக்ஸின் 5.8ஆம் பதிப்பிற் சேர்ந்தது. 2022இன் 5.17ஆம் பதிப்பில், ஒரு செயல் பின்தங்கினாற் போலப் பாவனை செய்து, இடவேண்டிய தடை இடப்படாத இடங்கள் சிலவற்றையும் அது காட்டலாயிற்று. ஒழுங்கு குலைதலைக் கருவியே நடித்துக் காட்டும் நிலை இதுவாகும்.

முடிவுரை

இவ்வரலாற்றில் தெளியத்தக்கது ஒன்றுண்டு. மௌனத்தையும் வீணொலியையும் ஒருங்கே நீக்கிய கருவி இன்னும் தோன்றவில்லை. எல்லாவற்றுக்கும் ஒலிக்கும் கருவியைப் பயன்படுத்துவோர் சில நாளில் அதனை அணைத்துவிடுவர். எதற்கும் ஒலியாத கருவியோ இல்லாமையினும் தீது, காவல் உண்டென்ற பொய்த் துணிவைத் தருதலான். எந்த அடையாளம் எவ்வளவு செய்தியைச் சுமக்கின்றது என்பதை உள்ளவாறு அளந்து, அதற்கு மிகாமலும் குறையாமலும் நம்புவதே கருவியின் அறம்.

கல்முனைக் கரையிலும் இதற்கு இணையுண்டு. ஆழிப்பேரலைக்குப் பின், 2005ஆம் ஆண்டில் இலங்கையில் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டது; இந்து மாக்கடல் நாடுகளுக்கு எச்சரிக்கை முறையும் அமைக்கப்பட்டது. 2012ஆம் ஆண்டு ஏப்பிரல் 11ஆம் நாள் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரு நிலநடுக்கம் எழுந்தபோது, செய்தி அலைக்கு முந்தி வந்தது. கரையோர மக்கள் மேட்டு நிலம் நாடினர். பேரலை வரவில்லை. அன்று ஓடியது வீணென்று சொல்வாரும் இருக்கலாம். ஆனால் அனுப்பவேண்டிய செய்தி அனுப்பப்பட்டது, பெறவேண்டியவர் பெற்றனர். 2004இல் இல்லாதிருந்தது அதுவே.

ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும், இத்தீவின் ஏனைய கல்விக் கூடங்களிலும் கணினி பயிலும் மாணவர், பகாச் செயலுக்கு ஒரு தரத்தைத் தெரிந்து எழுதுங்கால், விரைவு ஒன்றையே கருதுதல் சாலாது. தளர் ஒழுங்கு தவறன்று. அது சுமவாத செய்தியைச் சுமக்குமென எண்ணுதலே தவறு. முன் நிகழ்ந்தது முன்னாக வேண்டுமெனின், அதனைப் பின்னுள்ளார்க்கு அறிவித்தல் வேண்டும்.